குன்னூர் மார்க்கெட் ஃப்ரேம் கடையும் ஆன்னி பூட்டூகூக்கோட பாட்டி கண்ணாடியும்

முதல்ல கடையைப் பத்தி சொல்லிடறேன். குன்னூர் மார்க்கெட்டுக்குள்ள பாத்திரக் கடைங்களைத் தாண்டி ஒரு சந்துல சின்னதா ஒரு ஃப்ரேம் கடை இருக்கு. போர்டு எதுவும் கெடையாது, வாசல்ல முருகர் படம், லட்சுமி படம், கல்யாண போட்டோ, தாத்தா பாட்டி போட்டோ எல்லாம் சாத்தி வெச்சிருக்கும், அதான் அடையாளம். பேப்பர்ல வரைஞ்ச படமோ பிரிண்டோ எம்ப்ராய்டரியோ எதுவா இருந்தாலும் நம்ம ஊரு பனிக்கும் ஈரத்துக்கும் தாங்கற மாதிரி ஃப்ரேம் போடணும்னா தாராளமா இங்க குடுக்கலாம். அஞ்சுக்கு நாலரை ஸ்டார் குடுப்பேன், அந்த அரை எதுக்கு போச்சுன்னு பின்னாடி சொல்றேன்.

நான் குடுத்தது சாமி படமும் இல்ல, குடும்ப போட்டோவும் இல்ல. கனடாவோட வட கோடியில கிங்கைட்னு ஒரு ஊரு, 2020 வரைக்கும் கேப் டோர்செட்னு கூப்பிட்டாங்க, அங்க பொறந்த ஆன்னி பூட்டூகூக்னு ஒரு இனூயிட் (அந்தப் பனிப் பிரதேசத்துப் பழங்குடி) ஓவியர் வரைஞ்ச படத்தோட அச்சுப் பிரதி. டொரான்டோல இருக்கற எங்க சித்தி அனுப்பினாங்க. பெரிய வெள்ளைத் தாள், நடுவுல ஒரே ஒரு மூக்குக் கண்ணாடி, தடிமனா கறுப்பு ஃப்ரேம் போட்டது, அவ்வளவுதான். முகம் கெடையாது, மேசை கெடையாது, பின்னாடி ஒண்ணுமே கெடையாது. 2007-ல வரைஞ்சது. அது ஆன்னியோட பாட்டி கண்ணாடி.

கடைக்கார அண்ணன் தாளை மேசை மேல விரிச்சாரு, நாலு ஓரத்தையும் விரல் நுனியால மட்டும் தொட்டு, நடுவுல கை படாம. கொஞ்ச நேரம் பாத்துட்டு "ஆளு எங்க கண்ணு?"ன்னு கேட்டாரு. வருஷக்கணக்கா மூஞ்சிக்கே ஃப்ரேம் போட்டவரு, அந்தக் கேள்வி நியாயம்தான். இது அவங்க பாட்டியோட கண்ணாடிண்ணே, பாட்டியும் படம் வரையறவங்க, அவங்க போனதுக்கப்புறம் பேத்தி இத வரைஞ்சாங்கன்னு சொன்னேன். "அப்ப இது பாட்டி போட்டோ தான்"னு சொல்லிட்டு, மேல மாலை போடறதுக்கு ரெண்டு கொக்கி வெக்கட்டுமான்னு கேட்டாரு. வேண்டாம்ணேன்னு சொன்னேன், ஆனா இந்தப் படத்தைப் பத்தி நான் படிச்ச எதுலயும் இவ்வளவு நேரா விஷயத்துக்கு வந்தவங்க யாரும் இல்ல.

அந்தப் பாட்டி பேரு பிட்சியோலக் அஷூனா. சாதாரண ஆள் இல்ல. புருஷன் போயிட்டாரு, கையில புள்ளைங்க, வயசு ஐம்பதைத் தாண்டினதுக்கு அப்புறம்தான் பென்சிலைக் கையில எடுத்தாங்க, 1983-ல இறக்கறதுக்குள்ள ஏழாயிரம் படத்துக்கு மேல வரைஞ்சாங்க. கூடாரம் போடறது, நாய் வண்டி, மீன் பிடிக்கறது, புள்ளையை முதுகுல கட்டிக்கிட்டு நடக்கறதுன்னு பழைய காலத்து நாடோடி வாழ்க்கை மொத்தத்தையும் பேப்பர்ல கொண்டு வந்துட்டாங்க. அவங்க பொண்ணு நபாச்சியும் ஓவியர், பொம்பளைங்க பட்ட கஷ்டத்தை ஒளிக்காம வரைஞ்சவங்க. நபாச்சியோட பொண்ணுதான் ஆன்னி, 1969-ல பொறந்தவங்க. ஒரே வீட்ல மூணு தலைமுறைப் பொம்பளைங்க வரைஞ்சிருக்காங்க, மூணு பேரும் அவங்கவங்க கண்ணால பாத்ததைத்தான் வரைஞ்சாங்க, இதனாலதான் எனக்கு இந்தக் குடும்பத்து மேல இவ்வளவு மரியாதை.

இவங்க எல்லாருக்கும் பேப்பரும் பென்சிலும் குடுத்து, வரைஞ்சதைக் காசு குடுத்து வாங்கினது ஊர்க் கூட்டுறவு சங்கம். 1959-ல ஆரம்பிச்சது, இன்னைக்கும் நடக்குது. வருஷா வருஷம் பிரிண்ட் போட்டு ஒரு தொகுப்பா வெளியிடுவாங்க. நம்ம பக்கம் சின்ன விவசாயிங்க பச்சைத் தேயிலையை இண்ட்கோசர்வ் கூட்டுறவு ஃபேக்டரிக்கு எடுத்துட்டுப் போறாங்க இல்ல, அங்க ஓவியருங்க வரைஞ்ச தாளை எடுத்துட்டுப் போவாங்க, சங்கம் அப்பவே காசு குடுத்துடும், விக்கறது அதோட பாடு. மரமே மொளைக்காத ஊரு, ரோடு போட்டு எந்த ஊரோடயும் சேக்காத ஊரு, ஃப்ளைட்ல தான் போகணும், இல்ல கோடையில கப்பல்ல. அங்க இருந்து உலகம் பூரா படம் போகுதுன்னா இந்தச் சங்கம்தான் காரணம்.

ஆனா வாங்கறவங்களுக்குன்னு ஒரு டேஸ்ட் இருக்கு இல்லயா. தெக்க இருக்கற பெரிய ஊர்க்காரங்களுக்கு ஆந்தை வேணும், பனிக்கரடி வேணும், இக்ளூங்கற பனி வீடு வேணும், மந்திரவாதி வேணும். இதெல்லாம் மட்டமான படம்னு நான் சொல்ல வரல, கெனோஜுவாக் அஷேவாக் 1960-ல போட்ட ஆந்தைப் படம் கனடாவோட ஸ்டாம்ப்லயே வந்தது, அப்படி ஒரு அழகு அது. நான் சொல்றது, அந்த ஊர்லயும் ஜனங்க டிவி பாக்கறாங்க, கடைக்குப் போறாங்க, சண்டை போடறாங்க, பசங்களைத் தூங்க வெக்கறாங்க, அதை வரைஞ்சா யாரு வாங்குவாங்கன்னு ரொம்ப நாளா ஒரு நெனப்பு இருந்தது. ஆன்னி 1997-ல சங்கத்து ஸ்டுடியோவுக்கு வந்து உக்காந்து அதைத்தான் வரைஞ்சாங்க. மெல்லிசு கறுப்புப் பேனாவால கோடு, உள்ள கலர் பென்சில், அவ்வளவுதான் சாமான்.

அவங்க படத்துல வீட்டு ஜனங்க தரையில உக்காந்து சீல்ங்கற கடல் மிருகத்துக் கறியை அறுத்து சாப்பிடறாங்க, செவுத்துல கடிகாரம் தொங்குது. இந்தக் கடிகாரம் அவங்களோட நெறைய படத்துல வரும், கவனிச்சுப் பாருங்க. 2003-ல வரைஞ்சதுல டிவியில சிம்ப்சன்ஸ்ங்கற அமெரிக்க கார்ட்டூன் பாக்கறாங்க, 2006-ல ஒண்ணுல டாக்டர் ஃபில்னு ஒரு அமெரிக்க டிவி ஷோக்காரர் வர்றாரு. 2005-ல போட்ட கேப் டோர்செட் ஃப்ரீஸர்னு ஒரு படம், ரொம்பப் பெருசு, கடையில வரிசையா கண்ணாடிக் கதவு போட்ட ஃப்ரீஸர், உள்ள அடுக்கின பாக்கெட்டு ஒவ்வொண்ணா, முன்னாடி ஜாக்கெட் போட்ட ஜனங்க நின்னு சாமான் வாங்கறாங்க. சுத்திப் பனியா இருக்கற ஊர்ல ஃப்ரீஸர் கடை. அதைக் கேலியா வரையல அவங்க, தெனமும் போற கடை, அதனால வரைஞ்சாங்க. அதே கையாலதான் 2002-ல ஒரு ஆளு தன் கூட வாழற பொம்பளையை அடிக்கற படத்தையும் வரைஞ்சாங்க. அது அவங்க வாழ்க்கையிலயே நடந்தது. அந்த ரூமையும் மத்த ரூம் மாதிரியே சுத்தமா கோடு பிடிச்சு வரைஞ்சிருக்காங்க, ரத்தக் களறி எல்லாம் இல்ல, பாத்தா மனசு ஆறல, ரொம்ப நாளைக்கு.

நான் இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா நான் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளிங்களோட லைன் வீட்ல வளந்தவ. 1964-ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துல இலங்கை மலையகத்துல இருந்து திரும்பி வந்தவங்களுக்காக அரசாங்கம் ஆரம்பிச்சதுதான் டான்டீ தோட்டம், எங்க அம்மாயி அப்படி வந்தவங்கதான். எங்க ஊர்ல டூரிஸ்ட் கடை எதுக்குள்ள போனாலும் ரெண்டு படம்தான், பச்சைப் பசேல்னு தேயிலைச் சரிவு, பொகை விட்டுக்கிட்டு மலை ரயில். ரயில் நல்ல ரயில்தான், 2005-ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்தது, எனக்கும் பெருமைதான். அந்தச் சரிவுல கூடையோட ஒரு பொம்பளை சின்னதா, புள்ளி வெச்ச அளவுக்கு இருப்பாங்க, முகம் தெரியாது. அவங்க சாயங்காலம் எந்த வீட்டுக்குப் போறாங்க, அந்த வீட்ல அடுப்பு எந்தப் பக்கம், ஈர கம்பளி எங்க காயுது, டிவி மேல என்ன வெச்சிருக்காங்க, இதை யாராவது வரைஞ்சு நான் பாத்ததே இல்ல. ஆன்னி படத்தை மொத மொத போன்ல பாத்தப்ப எனக்குத் தோணினது இதுதான், இந்தப் பொம்பளை வீட்டுக்குள்ள வந்துட்டாங்க. அதனாலதான் அது எங்க வீட்டுச் செவுத்துல மாட்டணும்னு ஆசைப்பட்டேன், அதுக்கு ஒழுங்கா ஒரு ஃப்ரேம் வேணும்னும்.

இப்ப வேலையைப் பத்தி. இதுக்கு முன்னாடி கீழ ஊர்ல ஒரு கடையில வேற ஒரு படத்தைக் குடுத்து நாசம் பண்ணிட்டாங்க, கடை பேரு வேண்டாம். ஃபெவிகால் தடவி பேப்பரை அட்டையோட ஒட்டிட்டாங்க, மேல நேரா கண்ணாடியை வெச்சு அமுக்கி ஃப்ரேம் போட்டுட்டாங்க. ஐப்பசி மழை முடியறதுக்குள்ள பேப்பர் அலை அலையா ஆகி கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு, ஓரத்துல பூஞ்சை. குன்னூர்ல வடகிழக்குப் பருவ மழை எப்படி அடிக்கும்னு தெரியும் இல்ல, ஜன்னலைச் சாத்தினாலும் மேகம் உள்ள வரும், துணி காயாது, செருப்புல பூஞ்சை பிடிக்கும், பேப்பர் எம்மாத்திரம்.

இந்த அண்ணன் பண்ணினது வேற. மொதல்ல மவுண்ட் போர்டு வெட்டினாரு, படத்தைச் சுத்தி ஜன்னல் மாதிரி வருமே அது. அழகுக்கு மட்டும்னு நெறைய பேர் நெனக்கறாங்க, அது இருந்தாதான் கண்ணாடி பேப்பர் மேல படாது, நடுவுல காத்துக்கு இடம் இருக்கும், ஈரம் வேர்த்தாலும் படத்துல ஒட்டாது. ஆசிட் இல்லாத போர்டு கேட்டேன், அவர்கிட்ட இல்ல, அது கோயம்புத்தூர்ல தான் கெடைக்கும் நீயே வாங்கிட்டு வா கண்ணுன்னு சொல்லிட்டாரு, இருக்கறத வெச்சு இதுதான் அதுன்னு தள்ளி விடல, நானே வாங்கிட்டுப் போய்க் குடுத்தேன். சாதா அட்டையா இருந்தா நாள் ஆக ஆக வெட்டின ஓரம் பழுப்பாகி அந்தப் பழுப்பு படத்துல எறங்கும், பழைய சர்டிபிகேட்டு ஃப்ரேம் எல்லாம் எடுத்துப் பாருங்க தெரியும்.

படத்தை அவர் ஒட்டவே இல்ல. மெல்லிசு காகிதத்துல ரெண்டு துண்டு கிழிச்சு, கத்தரியால வெட்டாம கையால கிழிச்சு, மைதா பசை காய்ச்சினதைத் தொட்டு படத்தோட மேல் ஓரத்துல மட்டும் பின்பக்கமா ஒட்டி போர்டுல தொங்க விட்டாரு. கீழயும் பக்கத்துலயும் எதுவும் இல்ல, பேப்பர் ஈரத்துல விரியும், வெயில்ல சுருங்கும், அதுக்கு எடம் விடணும்னாரு. பின்னால எப்ப வேணும்னாலும் தண்ணி தொட்டு எடுத்துடலாம், படத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஏன் கிழிக்கறீங்கண்ணேன்னு கேட்டேன், வெட்டின ஓரம் கத்தி மாதிரி இருக்கும், முன்பக்கம் கோடு விழுந்து தெரியும், கிழிச்ச ஓரம் நார் நாரா மெல்லிசா போய் முடியும்னு சொன்னாரு. அதைச் சொல்லும்போது கூட கை நிக்கல.

ஃப்ரேம் கலர் நான் மரக்கலர் கேட்டேன். அவர் ரெண்டு மூணு மூலைத் துண்டை எடுத்து படத்து மேல ஒவ்வொண்ணா வெச்சுக் காமிச்சாரு. தங்கக் கலர் வெச்சா கல்யாண போட்டோ மாதிரி ஆயிடுது, தேக்குக் கலர் வெச்சா படத்துல இருக்கற மூக்குக் கண்ணாடியோட கறுப்பு மங்கிடுது, ஒரு விரல் அகலம் கூட இல்லாத கறுப்பு வெச்சதும் படம் தானா முன்னாடி வந்துடுச்சு. படத்துல கோடு மெல்லிசு, ஃப்ரேமும் மெல்லிசா இருக்கணும்னாரு. மவுண்ட்ல கீழ்ப் பக்கம் மட்டும் கொஞ்சம் அகலம் விட்டாரு, சரிசமமா விட்டா கண்ணுக்குப் படம் கீழ எறங்கின மாதிரி தெரியுமாம். மாட்டிப் பாத்தப்ப அது உண்மைன்னு தெரிஞ்சது. பின்னால பிளைவுட், அதுக்கு மேல பிரவுன் பேப்பர் சுத்தி டேப்பு, பூச்சி போகாம. கீழ ரெண்டு மூலையிலயும் ரப்பர் புஷ் அடிச்சாரு, செவுத்துல ஒட்டாம ஒரு இடைவெளி இருக்கும், லைன் வீட்டுச் செவுரு ஊறும்னு அவருக்குச் சொல்லவே தேவையில்ல. ஜன்னலுக்கு எதிர் செவுத்துல மாட்டாதே, வெயில் பட்டா கலர் போயிடும்னும் சொல்லி அனுப்பினாரு.

வேலை நடக்கும்போது இவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு கேட்டாரு. சொன்னேன். 2006 ஆன்னிக்குப் பெரிய வருஷம், டொரான்டோல பவர் பிளான்ட் கேலரியில தனிக் கண்காட்சி, அதே வருஷம் சோபி ஆர்ட் அவார்டு, 50,000 டாலர், கனடாவுல அப்ப இளம் ஓவியருங்களுக்குக் குடுத்த பெரிய பரிசு. அடுத்த வருஷம் ஜெர்மனியில டாக்குமென்டா 12-ங்கற பெரிய கலைக் கண்காட்சியில படம் போச்சு. அதுக்கப்புறம் ஊரை விட்டு ஒட்டாவா வந்துட்டாங்க. அங்க குடி, அடி, இருக்க ஒழுங்கா இடம் இல்ல, தெருவுல உக்காந்து வரைஞ்சு சொற்பக் காசுக்கு வித்தாங்க. 2016 செப்டம்பர்ல ரீடோ ஆத்துல பொணமா கெடைச்சாங்க, 47 வயசு. அந்தச் சாவுச் செய்திக்குக் கீழயே ஒரு போலீஸ்காரர் இனவெறியோட கமெண்ட் போட்டு அதுக்கு அவர் மேல துறை நடவடிக்கை எடுத்தாங்க. அடுத்த வருஷமே க்ளைன்பர்க்ல இருக்கற மெக்மைக்கேல் மியூசியத்துல அவங்க படங்களுக்குப் பெரிய கண்காட்சி வெச்சாங்க, ஒட்டாவாவுல ஒரு பார்க்குக்கு இப்ப அவங்க பேரு இருக்கு. பரிசு குடுத்த நாடு அவங்களைத் தெருவுல விட்டது, இதுல எனக்கு இன்னும் கோவம் போகல.

அண்ணன் ஒண்ணும் சொல்லல, டேப்பை ஒட்டி முடிச்சாரு. அப்புறம் இவங்க சொந்தத்துல வேற யாராவது வரையறாங்களான்னு கேட்டாரு. ஷுவினை அஷூனான்னு ஒருத்தங்க, இவங்களுக்குச் சொந்தம், அதே பிட்சியோலக் பாட்டியோட பேத்தி, 1961-ல பொறந்தவங்க, இன்னும் கிங்கைட்லயே வரையறாங்க, 2022-ல இத்தாலியில நடந்த வெனிஸ் பியனாலேங்கற உலகக் கலைக் கண்காட்சியில தனியாக் குறிப்பிட்டுப் பாராட்டினாங்கன்னு சொல்லி போன்ல படத்தைக் காமிச்சேன். உலக உருண்டையும் ஆக்டோபஸ் கையும் மனுஷ முகமும் கலந்து வரும் அவங்க படத்துல. கண்ணைச் சுருக்கிப் பாத்துட்டு, இதுக்கு மவுண்ட் அகலமா விடணும், இல்லேன்னா மூச்சு முட்டும்னாரு.

விலை. மவுண்ட், கண்ணாடி, ஃப்ரேம், பின் வேலை எல்லாம் சேத்து 1,450 ரூபா, போர்டு நான் வாங்கிட்டுப் போனது தனி. சாமி படத்துக்கு சாதா ஃப்ரேம்னா இதுல பாதி கூட ஆகாது, அதுக்கு மவுண்ட் கெடையாது. ஜிபே எடுக்கறாரு. பேரம் பேசாதீங்க, மூலை நாலும் சேர்ற இடத்தைத் தடவிப் பாத்தாலே தெரியும், நகம் மாட்டாது.

அரை ஸ்டார் கொறைச்சதுக்குக் காரணம், சொன்ன தேதிக்குக் கெடைக்காது. போன் எடுக்க மாட்டாரு, நேர்ல போய்த்தான் ஆச்சான்னு கேக்கணும், தோட்டத்துல இருந்து பஸ் பிடிச்சு வர்றவங்களுக்கு ஒரு நாள் கூலி போயிடும். மவுண்ட் போர்டு கலரும் வெள்ளை, சந்தனம், கறுப்பு தவிர எதுவும் கெடையாது. வெயில் காப்பு கண்ணாடி எல்லாம் கேக்காதீங்க, அவர்கிட்ட சாதா கண்ணாடிதான். ரெண்டு அடிக்கு மேல பெரிய படம்னா முன்கூட்டியே சொல்லுங்க, கண்ணாடி கீழ இருந்து வரணும்.

ஆயுத பூஜைக்கு முந்தி ரெண்டு வாரம் போகாதீங்க, ஃபேக்டரி, ஒர்க்‌ஷாப்பு, ஆட்டோ ஸ்டாண்டுன்னு எல்லாரோட சாமி படமும் அங்கதான் குவிஞ்சு கெடக்கும். மே மாசம் சிம்ஸ் பார்க் பழக் கண்காட்சி சமயத்துல மார்க்கெட்டுக்குள்ள நடக்கவே முடியாது, அப்பவும் வேண்டாம். காலையில கடை தெறந்ததும் போங்க, படத்தைச் சுருட்டாம ரெண்டு அட்டைக்கு நடுவுல வெச்சு எடுத்துட்டுப் போங்க, யாரு வரைஞ்சது என்னன்னு அவர்கிட்ட சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் ஃப்ரேமை எடுப்பாரு.